கதவோர நாற்காலி

என்னைச் சிரிப்பு நடிகனாக்கியது திறமை அல்ல, திறந்து கிடந்த ஒரு கதவு.

குன்னூரில் எங்கள் நாடகக் குழு ஒரு பழைய மன்றத்தில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் நடனமாடுவதற்காகக் கட்டிய கட்டடம். தரை மரம், கூரையின் உட்புறம் மரம், மேடையும் மரம். என் நடிப்பும் அதே சாமானில் செய்ததுதான் என்று என் மனைவி சொல்வாள். பகலில் நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, சாயங்காலத்தில் நடிகன். இரண்டு இடத்திலும் என்னை எதற்கு வைத்திருந்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முதல் நாடகத்தில் எனக்குப் பிச்சைக்காரன் வேஷம். கிழிந்த பனியன், இடுப்பில் ஒரு துண்டு, மார்கழி மாதம். நான் மேடையின் நடுவில் நின்று, "ஐயா, பசிக்குதய்யா" என்று சொல்ல வேண்டும். சபை அழ வேண்டும். ஏற்பாடு அப்படி. நான் வாயைத் திறந்த நேரம், பக்கவாட்டுக் கதவு வழியாகப் பள்ளத்திலிருந்து ஏறி வந்த பனிக்காற்று நேராக என் பனியனுக்குள் புகுந்தது. "ஐ... ஐ... ஐ..." என்று பல் தந்தியடித்ததே தவிர, 'யா' வரவே இல்லை. சபை விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு எனக்குச் சோக வேஷம் கொடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

திரை விழுந்ததும் கதவைத் திறந்து வைத்த பாவி யார் என்று பார்க்க ஓடினேன். காக்கி உடுப்பு, அதன்மேல் கம்பளிக் கோட்டு, குரங்குக் குல்லா, கழுத்தைச் சுற்றிப் பச்சை மப்ளர். வாசற்படியை ஒட்டி ஓர் இரும்பு நாற்காலி. ஒரு கால் மன்றத்துக்குள், ஒரு கால் வெளியே. தீயணைப்பு நிலையத்து அதிகாரி. நாடகம் நடக்கும்போது அந்த இலாகாவிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற ஊர்களில் அப்படி வருகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் கதவிடுக்கில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து மேடையைப் பார்க்கவும் முடியாது. நடுவில் ஒரு தூண்.

"ஏனுங்க, கதவச் சாத்துங்க! கொழந்தை இருமுது!" என்று ஒரு அம்மா கத்தினாள்.

"கொழந்தைக்கு மப்ளர் கட்டுங்க தாயி. கதவுக்குக் கட்ட முடியாதுங்க" என்றார் அவர், அசையாமல்.

கதவுக்கும் மப்ளர் கட்டலாம் என்பதை எங்கள் ஊர் பிற்பாடு நிரூபித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் குழுவின் செயலாளர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர், அதாவது இலை வந்து தூளாகிப் பெட்டிக்குப் போகும்வரை பொறுப்பான ஆள். சட்டம் பேசுவதில் வக்கீல்களைத் தோற்கடிப்பார். "சார், கதவத் தொறந்து வெக்கோணும்னு எந்த ரூல்ல இருக்குது? மணல் வாளி, தண்ணி வாளி, அவ்வளவுதானே இருக்குது?" என்று மடக்கினார்.

"இன்னும் வரலீங்க. ரூலு நாளைக்கு வருமுங்க. நாடகம் இன்னைக்கு நடக்குதுங்களே" என்றார் இவர்.

அன்றிலிருந்து அவருக்குக் 'கதவு சார்' என்று பேர் வைத்தோம். வைத்தது நான்தான்.

ஊட்டி, கூடலூர் என்று இலாகா அவரை மாற்றிப் பார்த்தாலும், சுற்றிச் சுற்றிக் குன்னூருக்கே வந்து சேர்ந்தார். அவர் ஏன் இப்படி என்று டீக்கடையில் ஆளுக்கொரு கதை சொன்னோம். மலைக்குக் கீழே சமவெளியில் ஒரு நாடகக் கொட்டகை எரிந்ததில் கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்தார் என்றான் ஒருவன். அந்தக் கதையில் பாதி கருகிய ஒரு பொம்மையைச் சேர்த்துவிட்டது நான். நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதை. கடைசியில் எனக்கே பொறுக்காமல் ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"எங்கூரு தாராபுரம் பக்கமுங்க தம்பி. கூடப் பொறந்தவ நல்லா இருக்கறா. மேடையில தீப்புடிச்சு நான் பாத்ததே இல்லீங்க."

"பின்ன ஏனுங்க சார் இந்தப் பாடு?"

"பாத்துட்டுத்தான் கதவத் தொறக்கோணுமுங்களா?"

பொம்மை வீணாகிவிட்டது.

புதிய விதி ஏதாவது வந்துவிட்டால் அவருக்கு அன்று தீபாவளி. சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மேடேறி மூச்சிரைக்க வருவார். "தம்பி, வந்துருச்சு!" என்பார், யாருக்கோ குழந்தை பிறந்த மாதிரி. மேடையில் கற்பூரம் கொளுத்தக் கூடாது என்று ஒரு வருஷம் வந்தது. பூசை போடாமல் திரை தூக்க மாட்டேன் என்று செயலாளர் நின்றார். மன்றத்துக்கு வெளியே புளியங்கொட்டை அளவு கற்பூரத்தைக் கொளுத்தி, அணைந்த பிறகு தட்டை மட்டும் உள்ளே கொண்டுவந்து காட்டினோம். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து வந்தது திரைக்கான விதி. மேடைத் திரையை வெங்காரமும் போரிக் பவுடரும் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்துக் காயவைக்க வேண்டும், அப்போதுதான் தீ பற்றாது. முக்குவதில் ஒரு சிரமமும் இல்லை. காயவைப்பது? ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் கைக்குட்டையே காயாது. எங்கள் வெல்வெட் திரையோ, நனைந்த பிறகு ஒரு யானைக்குட்டி கனம். கொடியில் போட்டோம், கொடி அறுந்தது. மன்றத்துக்குள் விரித்தோம், பாசி பிடிக்கப் பார்த்தது. நாடகத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. கடைசியில் செயலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. அவருடைய தொழிற்சாலையில் பச்சை இலையைப் பரப்பி வெதுவெதுப்பான காற்றில் வாட்டுகிற மாடி இருக்கிறதே! இரவோடிரவாகத் திரையை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், தேயிலைக்கு நடுவில் அதையும் விரித்து வாட்டினார்கள்.

திரை அருமையாகக் காய்ந்தது. தொழிற்சாலைத் துரை அடுத்த நாள் டீயை ருசி பார்த்துவிட்டு, "என்னய்யா, கேரம் போர்டு நக்கின மாதிரி இருக்கு" என்று கேட்டதாகவும், செயலாளருக்கு வேலை போகாமல் தப்பியது பெரிய காரியம் என்றும் சொன்னார்கள். மன்றத்தில் திரை விலகும்போதெல்லாம் புதுத் தேயிலை மணம் சபை முழுக்க வீசியது. இடைவேளைக்கு முன்பே பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். என் காட்சி அப்போதுதான் தொடங்கியிருந்தது. காரணம் தேயிலை மணம் மட்டும்தானா என்பதை நான் ஆராயவில்லை.

அன்று மாலை, நாடகத்துக்கு முன்பு, கதவு சார் திரையின் ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்து, மன்றத்துக்கு வெளியே போய், தீக்குச்சி கிழித்து அதன் அடியில் பிடித்தார். குச்சி எரிந்து விரலைச் சுட்டது. துணுக்கு கறுத்ததே தவிர எரியவில்லை. "எரியல பாருங்க! பாருங்க தம்பி, எரியலீங்க!" என்று சுட்ட விரலை உதறிக்கொண்டே சிரித்தார். எங்கள் குழுவின் எந்தச் சாதனைக்கும் அவர் அப்படி மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

கதவுக்கான விதியும் ஒருநாள் வந்தே விட்டது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், காட்சி நடக்கும்போது தாழ்ப்பாள் கூடாது. நிலையையே பெயர்த்துக் கதவைத் திருப்பி மாட்டினோம். இனி இவர் உள்ளே வந்து உட்காரலாம் என்று நினைத்தோம். ஆனால் குன்னூர்க் காற்றில் வெளிப்பக்கம் திறக்கிற கதவு எங்கே நிற்கும்? படார் படார் என்று அடித்தது. சனங்கள் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து போய், தன் மப்ளரைக் கழற்றி இரண்டு கைப்பிடிக்கும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார். சபை கை தட்டியது. கதவு சார் போய் முடிச்சை அவிழ்த்து, மப்ளரை மடித்துப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு, தன் இரும்பு நாற்காலியை மறுபடி வாசற்படிக்கு இழுத்தார்.

இவ்வளவு சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையைச் சொல்லாமல் விட்டால் சரியாகாது.

மூன்றாவது வரிசையில் ஓரத்துக்கு அடுத்த நாற்காலியில் அவருடைய மனைவி உட்கார்ந்திருப்பார். சின்ன உருவம், பெரிய சிரிப்பு. ஓர நாற்காலியில் அவருடைய உத்தியோகத் தொப்பி. குரங்குக் குல்லா போட்டதும் இந்தத் தொப்பியை மனைவியிடம் கொடுத்துவிடுவார். அந்த அம்மா அதைப் பக்கத்து இருக்கையில் வைத்து இடம் பிடித்திருப்பார். "இங்க ஆளுங்களா?" என்று யாராவது கேட்டால், "வருவாருங்க" என்பார். நாடகம் முடிந்து கூட்டம் கலையும்வரை தொப்பிதான் உட்கார்ந்திருக்கும்.

ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "வாங்க தம்பி! போன நாடகத்துல சனங்க அப்படிச் சிரிச்சாங்களே, என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார் கதவு சார். தூணுக்குப் பின்னால் இருந்து எங்கள் நாடகங்களை எல்லாம் காதால் மட்டுமே அறிந்த மனிதர்.

"தடுக்கி உழுந்தேனுங்க சார்."

"அதேதான்! இவ செஞ்சு காட்டறேன்னு அடுப்பாங்கரையில உழுந்து எந்திரிச்சா. நடிப்புன்னா அதுவல்லவா!"

"அது நடிப்பில்லீங்க, நெசமாவே தடுக்கிருச்சு" என்றேன். அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினார். ஒவ்வொரு நாடகத்தையும் மறுநாள் அவருக்கு முழுக்க நடித்துக் காட்டுவது அந்த அம்மாவின் வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

"தம்பி, நான் இவருகிட்ட நகை கேட்டனா, நட்டு கேட்டனா?" என்றார் அந்த அம்மா. "ஒரே ஒரு நாடகம். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாக்கோணும். நான் சிரிக்கறப்ப இவருஞ் சிரிக்கோணும். நடிச்சுக் காட்டி நடிச்சுக் காட்டி எனக்கு இடுப்பே போச்சு."

"ரிட்டயர் ஆகட்டும். அன்னைக்குத் தொப்பி ஊட்ல இருக்கும், நான் சேர்ல இருப்பேன்" என்றார் அவர்.

இந்தப் பேச்சை அதற்குப் பிறகு பல தடவை கேட்டேன். சொல்லும்போது அவர் தலைமுடி கறுப்பாக இருந்தது, பிறகு பாதி நரைத்தது, பிறகு எல்லாம் நரைத்தது.

அவர் ஓய்வு பெறுகிற மாதமும் வந்தது. அதற்கடுத்த வாரத்துக்கு ஒரு புது நாடகம் வைத்தோம். அவர்களுக்காகவே வைத்தோம் என்று சொல்வேன். எங்களை இத்தனை வருஷம் நடுங்க வைத்தவர்தான் என்றாலும், அவர் கதவோரம் இல்லாவிட்டால் எங்களுக்கு நாடகம் நடந்த மாதிரியே இருக்காதே. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. மூன்றாவது வரிசையில் இரண்டு நாற்காலிக்கு மெத்தை போடச் செயலாளர் தன் வீட்டு மெத்தையைத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அந்தக் கடைசி விதி வந்தது. மரக் கூரையும் மர மேடையும் இருக்கும் மன்றமென்றால், மேடைக்கும் சபைக்கும் நடுவில் தீத்தடுப்புச் சுவரும் இரும்புத் திரையும் வேண்டும். மேடையில் இருப்பவர்கள் வெளியேறத் தனி வழி வேண்டும். இந்தத் தடவை அவர் மேடேறி ஓடி வரவில்லை. மெதுவாக வந்தார், கையில் அளக்கும் டேப்.

மேடைக்குப் பின்னால் இருந்த ஒரே கதவைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தார். செங்குத்தான பள்ளம், அடியில் தேயிலைச் செடி.

"தீப்புடிச்சா இந்த வழியா எங்க போவீங்க தம்பி?"

"நேரா டீத் தோட்டத்துக்குத்தானுங்க சார்."

"தலைகீழா" என்றார். சிரிக்கவில்லை.

டேப்பைச் சுருட்டிவிட்டு, இங்கே நாடகம் நடத்தச் சான்று தர முடியாது என்று சொன்னார். செயலாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், இத்தன வருசம் ஒரு பொறி உழுந்திருக்குதுங்களா? இன்னும் கொஞ்ச நாள்ல நீங்க போயிருவீங்க. கண்ண மூடிக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. பொறவு வாரவர் பாத்துக்கட்டும். உங்க ரெண்டு பேருக்காகத்தானே சேரு போட்டிருக்கறோம்!"

அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். ஓர நாற்காலியையும் அடுத்த நாற்காலியையும் பார்த்தார்.

"அதுல ஒண்ணுல எம் பொஞ்சாதி உக்காருவாளுங்க" என்றார். "அவள அங்க உக்கார வெச்சுப்போட்டு, நான் எப்படீங்க கையெழுத்துப் போடறது?"

வக்கீல்களைத் தோற்கடிக்கிற செயலாளர் கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டார்.

அந்த அம்மாவாவது சொல்லிப் பார்ப்பார் என்று அவர்கள் வீட்டுக்கு நான் போனேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அவரு அளந்து பாத்தாருங்களா?" என்று மட்டும் கேட்டார். "பாத்தாருங்க" என்றேன். "அப்ப சரிங்க தம்பி." டீ போட்டுக் கொடுத்தார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தி, "பட்டுச் சீலைக்கு ரவிக்கை தெக்கக் குடுத்திருந்தனுங்க. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

விட்டோமா? பள்ளிக்கூட மைதானத்தில் திறந்தவெளி மேடை போட்டோம். கூரை இல்லை, கதவு இல்லை, எந்த விதிக்கும் வேலை இல்லை. அவரே வந்து பார்த்து, "இங்க நாலு பக்கமும் வழி" என்று மனநிறைவோடு சொன்னார். அன்று தொப்பி வீட்டில் இருந்தது. அவர் மூன்றாவது வரிசை ஓரத்தில், வேட்டி சட்டையில், புது மாப்பிள்ளை மாதிரி கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பட்டுச் சீலை.

நான் வந்து ஒரு வசனம் பேசினேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை மேடையிலிருந்து என் கண்ணால் பார்த்தேன். அடுத்த வசனத்துக்குள் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி மைதானத்தை மூடிக்கொண்டது. எனக்குச் சபை தெரியவில்லை, சபைக்கு நான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் எங்கள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு மழை பிடித்தது. முதல் காட்சி முடியவில்லை.

எங்கள் நாடகம் அத்தோடு சரி. செயலாளர் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூருக்குக் குடிபோனார். மன்றத்தில் மேடையைப் பிரித்துவிட்டு, தள்ளுபடி விலையில் போர்வையும் ஸ்வெட்டரும் விற்றார்கள். ஊரில் டிவி வந்துவிட்டது. அவர்கள் வீட்டிலும் ஒன்று வாங்கினார்கள். "இப்பத்தான் பக்கத்துல உக்காந்து பாக்கறீங்களே அக்கா" என்று நான் கேலி செய்தபோது, அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினார். "நாம கை தட்டுனா அதுல இருக்கறவங்களுக்குக் கேக்காதுங்களே தம்பி."

எங்கள் மன்றம் எரியவே இல்லை. இன்றைக்கும் நிற்கிறது. ஒரு பொறிகூட விழாத ஒரு கட்டடத்தின் கதவோரம் அவர் தன் நல்ல வயதையெல்லாம் உட்கார்ந்து கழித்தார் என்று சொல்லலாம். அவரிடம் அப்படிச் சொன்னால், "ஆமாங்க, ஒண்ணும் நடக்கல" என்று சந்தோஷமாகத் தலையாட்டுவார். மார்ச்சளி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

ஓர் ஆடி மாதம் அந்த அம்மா போய்விட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

சின்ன வீடு. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அந்தப் பட்டுச் சீலையை உடுத்திவிட்டிருந்தார்கள். தலைமாட்டு விளக்கு, வழக்கமாக வைக்கிற இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, சீலை நுனி எட்டாத இடத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். தாராபுரத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள் கூடம் கொள்ளாமல் நெருக்கியடித்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே சாரல்.

"ஏனுங்க, அந்தக் கதவச் சாத்துங்களே. வயசானவங்கெல்லாம் வெறைக்கறாங்க" என்று யாரோ சொன்னார்கள். யாரோ எழுந்து சாத்தினார்கள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அவர் தலை நிமிர்ந்தது. எழுந்தார். அழுகிற பெண்களுக்கு நடுவில் வழி விலக்கிக்கொண்டு போய், தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தார். மூலையில் கிடந்த இரும்பு நாற்காலியை வாசற்படிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அங்கிருந்து பார்த்தால் சுவர் மூலை அந்த அம்மாவின் முகத்தை மறைத்தது.

"பாவம், புத்தி பேதலிச்சுருச்சு" என்று ஒருத்தர் இன்னொருத்தர் காதில் சொன்னார்.

நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

"சார், எந்திரிங்க."

"கூட்டம் ஜாஸ்தியா இருக்குதுங்க தம்பி. வெளக்கு வேற எரியுது."

"தெரியுதுங்க. நான் உக்காந்துக்கறேன். நீங்க போயி அக்கா பக்கத்துல உக்காருங்க. கடைசி வரைக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெங்காரத் தண்ணீரில் முக்கின துணியைப் பார்ப்பாரே, தாங்குமா தாங்காதா என்று, அந்தப் பார்வை.

"தாப்பாள் போட உட்ருவீங்களா?"

"உடமாட்டேனுங்க."

"மப்ளர் வெச்சுக் கட்டுவாங்க."

"அவுத்துருவேனுங்க."

எழுந்தார். தன் கழுத்திலிருந்த பச்சை மப்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டார். உள்ளே போனார். அந்த அம்மாவின் தோளை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, தூக்குகிறவர்கள் வரும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடக் கதவுப் பக்கம் திரும்பவில்லை.

நான் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் போட்டு உட்கார்ந்தேன். பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்தது. என் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. யாரும் சிரிக்கவில்லை.